மலக்குகளுக்குத் தூக்கம் கிடையாது

ஒவ்வொரு வருடமும் மே 12 வந்ததும் நம் கவிஞர்கள் சிலருக்குத் தாதியரின் ஞாபகம் வந்துவிடுகிறது. வெண்ணிற ஆடை, விளக்கேந்திய கை, தேவதை. கொஞ்சம் ஓதிப் படித்தவர் என்றால் ‘மலக்கு’ என்று எழுதுவார். எனக்கு இந்தச் சொல்லோடுதான் சண்டை. மலக்குகளுக்குப் பசியில்லை, தூக்கமில்லை, பிள்ளை குட்டியில்லை என்பது குர்ஆன் மதரஸாவுக்குப் போகும் சிறுவனுக்கும் தெரியும். ஒருத்தியை மலக்கு ஆக்கிவிட்டால் அவளுக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லை. வசதியான உவமை.

அரச ஆஸ்பத்திரிகளில் வழமையான முறை இது: காலை ஏழிலிருந்து ஒன்று, ஒன்றிலிருந்து மாலை ஏழு, பிறகு இரவு ஏழிலிருந்து காலை ஏழு. இரவுக் கடமை மட்டும் 12 மணித்தியாலம். ஆள் பற்றாத வாட்டில் மாலைக்கு வந்தவளே இரவுக்கும் நின்றால் 18 மணித்தியாலம். 2022 நெருக்கடியில், சம்பளமற்ற விடுமுறையில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போகலாம் என்று அரசாங்கம் அரச ஊழியருக்கு வழி திறந்தது. போனவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் விட்டுப்போன கட்டில்களையும் இருப்பவர்கள்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மேலதிக நேரக் கொடுப்பனவில் கை வைத்தபோது தாதியர் சங்கங்கள் போராட்டத்தில் இறங்கின. ஜும்ஆ முடிந்து தேநீர்க் கடையில் நின்ற நம்மவர்கள், “மிஸிமாருக்கு இன்னும் என்ன வேணுமாம்?” என்றார்கள். என் காதால் கேட்டேன்.

இந்த ‘மிஸி’கள் மீது நமக்கு நிரந்தரமான ஒரு முறைப்பாடும் உண்டு: முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள், எரிந்து விழுவார்கள். கிறிஸ்டினா மஸ்லாக் என்ற உளவியலாளர் 1981இல், வேலையில் மனம் கருகிப்போவதை அளக்க ஒரு அளவுகோலை வெளியிட்டார். அதில் மூன்று பகுதிகள். முதலாவது, உள்ளம் வற்றிப்போதல். மூன்றாவது, தான் எதையும் சாதிக்கவில்லை என்ற எண்ணம். நடுவிலிருப்பதுதான் நமக்கு முக்கியம்: எதிரிலிருப்பவர் மனிதராகத் தெரியாமல் போவது. நோயாளி ‘பதினாலாம் கட்டில்’ ஆகிவிடுகிறார். நாம் திமிர் என்று சொல்வதில் எத்தனை பங்கு இதுவாக இருக்கும்? உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதனை நோய் என்று வகைப்படுத்தவில்லை. சரியாகக் கையாளப்படாத வேலைத்தள அழுத்தத்தால் வருவது என்றே சொன்னது. ஆகவே அவளிடம் போய் “ஸபூர் செய்யுங்க” என்பது வைத்தியமாகாது. வைத்தியம் தேவைப்படுவது கடமைப் பட்டியலுக்கு.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியிருக்கும் நமது ஊர்களில் இந்தப் பாரம் இன்னும் கூடியது. 2004 டிசம்பர் 26இல் கிண்ணியா ஆஸ்பத்திரியையே கடல் அழித்தது. 2006 ஆகஸ்டில் யுத்தத்தின் நடுவே மூதூர் வெறிச்சோடியது. பிறகு கொரோனா. 2021 பெப்ரவரி வரை நமது ஜனாஸாக்களை எரித்தார்கள். என் காக்காவின் மகள் ஒரு தாதி. அந்த நாட்களில் மையித்துக்காரர்களின் ஆத்திரம் வாட்டு வாசலில் நின்ற அவள்மீதுதான் விழுந்தது. “எரிக்கச் சொன்னது நானா சாச்சா?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. பேசாமலிருப்பது ஆறிவிட்டதன் அடையாளம் என்று அவளது உம்மா நம்புகிறா. நான் நம்பவில்லை.

மனைவிக்குப் பிரசவம் என்றால் முஸ்லிம் தாதி இருக்கிறாளா என்று விசாரிப்போம். அதே வீட்டில் மகனுக்குப் பெண் பார்க்கும்போது “நைட் டியூட்டி இல்லாத பிள்ளையாகப் பாருங்க” என்போம். மூதூர் றிஸானா நபீக்கின் வயதைப் பாஸ்போர்ட்டில் கூட்டி 2005இல் சவூதிக்கு அனுப்பியபோது எந்த மானப் பிரச்சினையும் எழவில்லை. வறுமைப்பட்ட அந்தக் குடும்பத்தை நான் சொல்லவில்லை. சமூகத்தின் காவலர்களைச் சொல்கிறேன். 2013 ஜனவரி 9இல் அவளது தலை வெட்டப்பட்ட பிறகு அழுதோம். கடல் கடந்து யாரோ வீட்டில் பிள்ளை பார்க்கலாம். பக்கத்து ஊர் வாட்டில் இரவு விழித்தால் மட்டும் மானம் போய்விடும்.

மேடையில் ருபைதா அல்-அஸ்லமிய்யா (ரழி) அவர்களைப் பற்றிப் பேசாத பேச்சாளர் இல்லை. அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களைப் பராமரித்தது அவரது கூடாரத்தில். அந்தக் கூடாரம் இருந்தது மஸ்ஜிதுன் நபவியில். அந்த விபரத்தில்தான் விசயமே இருக்கிறது: அன்றைய சமூகம் அவரைப் புகழ்ந்துவிட்டுப் போகவில்லை, தன் பள்ளிவாசலுக்குள் இடம் ஒதுக்கிக் கொடுத்தது.

நமது ஊர்களில் ஆஸ்பத்திரிக்கென்று பணம் சேர்க்கும் குழுக்கள் இருக்கின்றன. பள்ளி நிருவாகங்களும் தனவந்தர்களும் இயந்திரம் வாங்கிக் கொடுக்கிறார்கள். சுவரில் பளிங்குக் கல்லும் பதிகிறார்கள். உள்ளே தாழிட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் படுக்க ஓர் அறை, தொழ ஒரு மூலை, இரவு முடித்தவளை வீட்டில் விட ஒரு வாகனம், பார்வையாளர் நேரத்தில் வாசலில் ஒரு காவலாளி: இவற்றுக்குப் பெரிய செலவில்லை, பெயர் பதிக்க இடமும் இல்லை. அப்படியொரு குழுவில் நான் எழுந்து கேட்டேன். அது அரசாங்கத்தின் வேலை என்றார்கள். இயந்திரம் வாங்குவது மட்டும் யாருடைய வேலையாம்?