மருந்துக்கடையில் ஒரு நாற்காலி வேண்டும்

பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற ஒருவர் தன் டாக்டரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாலே பெரிது. மருந்துக்கடைக்கு மட்டும் மாதம் தவறாமல் போகிறார். கையில் காசு குறைவென்றால், பத்து நாளைக்கு ஒரு அட்டை வாங்கக்கூடப் போகிறார். அப்படியானால் அவரை அதிகமாகப் பார்க்கிறவர் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மருந்தாளுநர்தான். அவரிடம் நாம் சொல்வது, "போன தடவை வாங்கினதே கொடுங்க" என்பது மட்டும். பெரும்பாலான கடைகளில் அவரும் கவரில் போட்டுக் கொடுத்துவிடுகிறார். பிரஷர் இப்போது எவ்வளவு என்று அவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் பார்த்திருக்கிறார்கள். சீடர்ஸ் சைனாய் மருத்துவமனையின் இதயநோய் மருத்துவர் ரொனால்ட் விக்டர், கறுப்பின ஆண்களிடையே உயர் ரத்த அழுத்தம் மிகுந்திருந்தும் அவர்கள் ஆஸ்பத்திரிப் பக்கம் வருவதில்லை என்பதைக் கவனித்தார். ஆனால் முடிவெட்டும் கடைக்கு அவர்கள் தவறாமல் வருவார்கள். அங்கே நம்பிக்கையும் உண்டு. அதற்கு முன்பே டல்லாஸில், முடிதிருத்துநர்களையே அழுத்தம் பார்க்கவைத்து, டாக்டரிடம் போகச் சொல்லவும் வைத்திருந்தார். அதில் கிடைத்த பலன் சிறிதுதான்.

லாஸ் ஏஞ்சலஸில் ஒரு ஆளைக் கூடுதலாகச் சேர்த்தார். அந்த ஆள் மருந்தாளுநர். 52 முடிவெட்டும் கடைகள், 319 ஆண்கள். ஒரு பகுதிக் கடைகளில் 'டாக்டரைப் பாருங்கள், உப்பைக் குறையுங்கள்' என்ற அறிவுரையோடு சரி. மற்றக் கடைகளுக்குப் பயிற்சி பெற்ற மருந்தாளுநரே நேரில் வந்தார். ஒவ்வொருவரின் டாக்டரோடும் முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு செய்திருந்ததால், மாத்திரை எழுதவும் அளவைக் கூட்டவும் அவருக்கு அனுமதி இருந்தது. ரத்தத்தில் உப்புச்சத்துகள் எப்படி இருக்கின்றன என்று சோதித்தார். என்ன செய்தார் என்ற குறிப்பை டாக்டருக்கு அனுப்பிவைத்தார். ஆறு மாதத்தில் அவர் வந்துபோன கடைகளில் மேல் அழுத்தம் சராசரியாக 27 புள்ளி இறங்கியது. அறிவுரை மட்டும் கிடைத்த கடைகளில் 9 புள்ளிதான். 130க்கு 80 என்ற இலக்குக்குள் வந்தவர்கள் மருந்தாளுநர் வந்த கடைகளில் நூற்றுக்கு 63 பேருக்கு மேல், அறிவுரைக் கடைகளில் 12 பேர்கூட இல்லை. இந்த முடிவுகள் 2018இல் வெளியாயின. விக்டர் அதே ஆண்டு இறந்துபோனார்.

அறிவுரை இரண்டு பக்கமும் கிடைத்தது, கடைக்காரரின் அக்கறையும் இரண்டு பக்கமும் இருந்தது. அழுத்தத்தை அவ்வளவு இறக்கியது, அளந்த கையோடு மருந்தைத் திருத்த ஒருவர் இருந்ததும், அவருக்குப் பின்னால் ஒரு டாக்டர் இருந்ததும்தான். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் மருந்தாளுநர்கள் மருந்து எழுதவே சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கே நடந்து 2015இல் வெளியான ஆய்விலும் விளைவு இதே திசையில்தான் இருந்தது.

நம் ஊரில் மருந்தாளுநர் அளவை மாற்ற முடியாது. மாற்ற வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. ஆனால் அவர் கண்ணெதிரே என்னென்ன நடக்கிறது என்று பாருங்கள். எனாலாப்ரில் வகை பிரஷர் மாத்திரை ஒருவருக்கு விடாத வறட்டு இருமலைக் கொடுக்கும். அவர் அதே கடைக்கு வந்து இருமல் டானிக் வாங்குவார். இன்னொருவருக்கு அம்லோடிபினால் கணுக்கால் வீங்கும். மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிடுவார், அடுத்த மாதம் வாங்க வரமாட்டார். வேறொருவர் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப்போவார். அது அழுத்தத்தை ஏற்றிவிடக்கூடியது, பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும். மூன்றும் ஒரே கவுன்டரில் நடக்கின்றன. டாக்டருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த முறை 160 என்று பார்த்தால், இருப்பது போதவில்லை என்று எண்ணி இன்னொரு மாத்திரையை எழுதுவார். 'இந்த இருமல் எப்போதிருந்து?' என்று கடையில் ஒரு கேள்வி, அதன்பின் டாக்டருக்கு ஒரு போன். இவ்வளவு போதும்.

டாக்டர்களுக்கு ஒரு பயம் உண்டு. மருந்துக்கடையே கிளினிக் ஆகிவிடும் என்பார்கள். சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்க, மருந்தாளுநரே இல்லாத கடைகளைப் பார்க்கும்போது அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் ஏட்டில் எழுதிய உடன்பாடு வேண்டும் என்கிறேன்: யார் அளப்பது, எந்த எண்ணைத் தாண்டினால் உடனே டாக்டரிடம் அனுப்புவது, குறிப்பு எங்கே போவது என்று. நோயாளிக்கு மருந்தை விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று நம் நாட்டின் 2015ஆம் ஆண்டு மருந்தாளுநர் பணி விதிமுறைகளே சொல்கின்றன. கடமையை எழுதிவைத்தோம், அதைச் செய்ய நேரமும் இடமும் கொடுக்கவில்லை. அழுத்தம் பார்க்கும் முன் ஐந்து நிமிடமாவது சாய்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். நம் மருந்துக்கடைகளில் எத்தனை கடையில் அதற்கு ஒரு நாற்காலி உண்டு?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பெரிய காரியம் அது. ஆனால் தனியார் டாக்டரிடம் காட்டி, காசு கொடுத்துக் கடையில் வாங்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு இரண்டு சீட்டுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில் யாருமில்லை. அரசும் மருத்துவர் சங்கங்களும் மருந்து வணிகர் சங்கங்களும் ஒரு மாவட்டத்திலாவது இந்த உடன்பாட்டு முறையைச் சேர்ந்து செய்துபார்க்க வேண்டும்.

அதுவரை நீங்களே தொடங்கலாம். எப்போதும் ஒரே கடையில் வாங்குங்கள். உங்கள் பிரஷர் எந்த எண்ணுக்குள் இருக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அடுத்த முறை அட்டை வாங்கும்போது அந்தச் சீட்டைக் காட்டி, "எனக்கு எவ்வளவு இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க, கூடினா என் டாக்டருக்கு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று கேளுங்கள்.