போர் முடிந்தபின் முதற்கடமை

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தின் தீப்பள்ளயத்தைக் கண்டு வளரும் நம் பிள்ளைகளுக்குப் பாரதக் கதை புதிதன்று. வனவாசம் முதல் தீமிதிப்பு வரை யாவும் அவர்கள் கண்முன்னே சடங்காக நிகழ்கின்றன. வீமனின் தோள்வலியையும் அருச்சுனனின் வில்லையும் அவர்கள் நன்கு அறிவர். ஆனால், போர் முடிந்ததும் தருமன் முதலிற் செய்தது யாது என்று வினவினால் பலர் சற்றே தயங்குவர்.

வியாச பாரதத்தின் ஸ்திரீ பருவம் அதனைக் கூறுகின்றது. மாண்டோர் எத்தனை பேர் என்று திருதராட்டிரன் கேட்கின்றான். தருமன் கணக்குச் சொல்கின்றான். கொள்ளி வைக்க உறவினர் இல்லாதோர் கதி என்னவென்று மீண்டும் கேட்கின்றான். உடனே தருமன் விதுரன், சஞ்சயன் முதலியோரை அழைத்து, நாதியற்றுக் கிடக்கும் உடல்களுள் ஒன்றேனும் விடுபடாதவாறு ஈமக்கடன் ஆற்றும்படி பணிக்கின்றான். முடிசூட்டு விழா அதற்குப் பின்னர்தான் வருகின்றது.

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு, இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்திலே நேசப்படைகள் நாடுகளை மீட்ட வரலாற்றை இவ்வாரம் நோக்குவோம்.

அந்தப் போர் நமக்குத் தொலைவில் நிகழ்ந்ததன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆந் திகதி, நமக்கு வடக்கே மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலிலே ஜப்பானிய விமானங்கள் 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்தன. அதில் 307 பேர் மாண்டனர். ஈராண்டுகளின் பின்னர் நிலைமை மாறியது. 1944 ஏப்ரிலிலே மவுண்ட்பேட்டன் பிரபுவின் தென்கிழக்காசியத் தலைமைப்பீடம் தில்லியிலிருந்து கண்டிக்கு வந்து, பேராதனைப் பூந்தோட்டத்திலே அமைந்தது. திருகோணமலைத் துறைமுகம் கடற்படையின் பெருந்தளமாயிற்று. பர்மாவையும் மலாயாவையும் மீட்கும் திட்டங்கள் நம் தீவிலிருந்தே வகுக்கப்பட்டன.

ஐரோப்பாவிலே 1944 ஆகத்து 25இல் பாரிஸ் நகரம் விடுபட்டது. ஒல்லாந்தின் மேற்குப் பகுதியோ அடுத்த மே மாதம் வரை காத்திருந்தது. இடையில் வந்த குளிர்காலத்திலே பட்டினியால் ஏறத்தாழ 20,000 பேர் மடிந்தனர். ஆசியாவிலே தளபதி சிலிமின் பதினான்காவது சேனை 1945 மார்ச்சில் மண்டலேயைக் கைப்பற்றியது. அச்சேனையிற் பெரும்பான்மையோர் இந்திய வீரர்களே. மே மாதத் தொடக்கத்தில் இரங்கூன் மீண்டது. ஆகத்து 15இல் ஜப்பான் பணிந்தது. செப்டெம்பர் 5இல் பிரித்தானியப் படைகள் சிங்கப்பூரில் இறங்கின. 12ஆந் திகதி அந்நகர மண்டபத்திலே சரணாகதிப் பத்திரம் கைச்சாத்தாகியது.

அன்று விடுபட்டோருள் நம்மவரும் இருந்தனர். மலாயாவின் றப்பர்த் தோட்டங்களிலே வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரின் கதையை நாம் மறத்தலாகாது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீற்றர் நீளமான புகையிரதப் பாதையொன்றை ஜப்பானியர் 1942இலே தொடங்கி, 1943 ஒக்டோபரில் முடித்தனர். ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள் அதில் வேலை வாங்கப்பட்டனர்; அவர்களுள் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். கைதிகளைப் போலப் பன்மடங்கான ஆசியத் தொழிலாளரும் காட்டுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து மட்டும் 70,000க்கு மேற்பட்டோர் சென்றனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழர். நல்ல கூலியும் உணவும் உண்டென்று ஆசை காட்டப்பட்டோரும் உளர். தெருவிலே வளைத்துப் பிடிக்கப்பட்டோரும் உளர். மழையும் வாந்திபேதியும் பட்டினியும் குடிசை குடிசையாக அவர்களை வாரிக் கொண்டன.

நேசப்படைகள் வெற்றி பெற்றிராவிடின் எஞ்சியோரும் ஊர் திரும்பியிரார். அந்த நன்றியை நாம் மறுக்கவில்லை. எனினும் விடுதலை எல்லோருடைய வாசலுக்கும் ஒரே வேளையில் வரவில்லை. போர்க்கைதிகளைத் தேடி விமானங்களும் கப்பல்களும் விரைந்தன. தொழிலாளரோ சயாம் முகாம்களிலே பல மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது. மலாயாவிலே மற்றொரு துன்பமும் காத்திருந்தது. வாழைமரப் படம் பொறித்த ஜப்பானிய நோட்டுக்கள் செல்லாவென்று புதிய நிர்வாகம் அறிவித்தது. மூன்றரை ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணம் ஒரே நாளில் வெறுங் காகிதமாயிற்று.

இறந்தோர் கணக்கைப் பார்த்தால் வேற்றுமை இன்னும் தெளிவாகும். 1945 செப்டெம்பரிலே புதைகுழிகளைத் தேடும் குழுவொன்று அப்பாதை நெடுகச் சென்றது. கைதிகள் தம் தோழர் இறந்த நாளையும் இடத்தையும் மறைவாக எழுதி வைத்திருந்தனர். அவ்வேடுகளின் துணையால் 144 இடுகாடுகளிலே 10,549 புதைகுழிகள் கண்டறியப்பட்டன. அகப்படாதவை 52 மட்டுமே! இன்று காஞ்சனபுரி மயானத்திலே ஏறத்தாழ 7,000 கல்லறைகள் பூச்செடிகளுக்கிடையே வரிசையாக நிற்கின்றன.

தமிழ்த் தொழிலாளருக்கோ ஏடு எழுதும் அதிகாரி இல்லை; படையெண் இல்லை; பெயர் கேட்பாரும் இல்லை. ஆசியத் தொழிலாளருள் இறந்தோர் 90,000 என்பார் சிலர். அதற்கும் மேல் என்பார் வேறு சிலர். அங்கே 52 பேரின் குழி அகப்படவில்லை என்று கணக்குண்டு; இங்கே பல்லாயிரம் பேர் கணக்கிலேயே அகப்படவில்லை. இதற்கு நிறம் ஒன்றே காரணம் என்று கூறிவிட இயலாது. பர்மாவிலே போரிட்டுக் குழியின்றி மறைந்த ஏறத்தாழ 27,000 வீரரின் பெயர்கள், பெருந்தொகையான இந்தியரின் பெயர்கள் உட்பட, இரங்கூனுக்கு அருகேயுள்ள தௌக்கியான் நினைவுத் தூண்களிலே பொறிக்கப்பட்டுள்ளன. துப்பாக்கி ஏந்தியவனுக்கு ஏடு இருந்தது. மண்வெட்டி ஏந்தியவனுக்கு இருக்கவில்லை.

அந்தப் பாதையைக் குறித்து 1957இல் வெளிவந்த 'குவாய் நதிப் பாலம்' என்னும் ஆங்கிலத் திரைப்படம் உலகப் புகழ் பெற்றது. அதனை நம் நாட்டிலே, கித்துல்கலையில், களனி ஆற்றங்கரையிற் படம் பிடித்தனர். அதன் நாயகர் பிரித்தானியக் கைதிகளே. தமிழ்த் தொழிலாளரின் கதை அதில் இடம்பெறவில்லை. நெடுங்காலத்தின் பின்னர், 2023ஆம் ஆண்டிலேதான், காஞ்சனபுரியிலே அத்தமிழருக்கு ஒரு நடுகல் எழுந்தது. காலங் கடந்ததாயினும் நற்செயலே.

இஃது அயல்நாட்டுக் கதையென்று நாம் ஒதுக்கிவிட இயலுமா? நம் நாட்டிலும் 2009இல் ஒரு போர் முடிந்தது. இந்தக் கரையோரத்திலே தமிழரும் முஸ்லிம்களும் தம்மவரை இழந்தனர். காணாமற்போன பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்து நிற்கும் தாய்மாரை இன்றும் காண்கின்றோம். காணாமற்போனோர்க்கென ஓர் அலுவலகத்தை அமைக்கும் சட்டம் 2016இலே நிறைவேறியது. அத்தாய்மார் வேண்டுவது அலுவலகம் அன்று, விடை.

ஒரு நாட்டைப் படைகள் மீட்கலாம். மீண்ட நாட்டிலே மாண்டவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி எண்ணுதல் வாழ்வோர் கடமை. மாணாக்கர்களே, உங்கள் பாட்டன் பாட்டியரிடம் கேளுங்கள். கடல் கடந்து சென்று திரும்பாதவர் யார்? வீட்டைவிட்டுச் சென்று வராதவர் யார்? பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் ஒரு கொப்பியிலே எழுதி வையுங்கள். பகைவன் காவலின் கீழிருந்தும் ஏடெழுதிக் காத்தனர் அக்கைதிகள். அச்சமின்றி எழுத வாய்ப்புள்ள நாம் எழுதாதிருத்தல் தகுமோ?