விசைக்காக எழுத்தா? எழுத்துக்காக விசையா?

எத்தியோப்பிய நாட்டின் அம்காரிய மொழி, எழுத்து வளம் இல்லாத மொழியன்று. அம்மொழிக்குரிய கீயெசு எழுத்து, கி.பி. நான்காம் நூற்றாண்டிலேயே அக்சும் வேந்தன் எசானாவின் கல்வெட்டுகளில் உயிரொலி ஏறிய வடிவில் நின்றது. 1896-இல் அடுவாக் களத்தில் இத்தாலியப் படையை முறியடித்துத் தன் மண்ணைக் காத்துக்கொண்ட நாடு அது. படைக்கு அஞ்சாத அம்மக்களின் எழுத்து, இன்று கைப்பேசியின் உள்ளங்கையளவுக் கண்ணாடியில் அயலெழுத்தின் முன் கைகட்டி நிற்கின்றது!

'செலாம்' என்பது அமைதியைக் குறிக்கும் சொல். வணக்கச் சொல்லும் அதுவே. அம்காரியத்தில் அது மூன்றே எழுத்து. கைப்பேசியில் அதனை எழுதப் புகுவோருள் பலர் ஐந்து இலத்தீன எழுத்துகளைத் தட்டுகின்றனர். பொறி மாற்றித் தந்த பின்னரே தாய்மொழி எழுத்து தலைகாட்டுகின்றது. அம்மாற்றத்தையும் வேண்டாது இலத்தீன எழுத்திலேயே செய்தி விடுப்போரும் உளர். அம்காரியத்தில் தகர ஒலி இரண்டு: ஒன்று இயல்பாய் ஒலிப்பது, மற்றொன்று குரல்வளையை அடைத்து வெடித்தொலிப்பது. இரண்டிற்கும் தனித்தனி எழுத்துண்டு. இலத்தீனமோ ஒன்றையே வைத்துக்கொண்டு, பெரிய எழுத்து, சிறிய எழுத்து என ஒட்டுப்போடுகின்றது. வளமுடையவன் வறியவனிடம் இரவல் கேட்பதன்றோ இது?

"முதலெழுத்து 33, ஒவ்வொன்றிற்கும் ஏழு வடிவம், ஆக 231 எழுத்துகள் கைப்பேசியில் எங்ஙனம் அடங்கும்?" என்பர் சிலர். அடங்கும். முதலெழுத்தைத் தொட்டவுடன் அதன் ஏழு வடிவங்களும் விரியும்படி அமைத்தால், இரண்டே தொடுகையில் எழுத்து கிடைக்கும். அவ்வாறமைந்த பலகைகள் இன்று உள்ளன. குறை எழுத்தில் இல்லை, பழக்கத்தில் உள்ளது.

தட்டச்சுப் பொறி வந்த காலத்திலும் இதே கூக்குரல் எழுந்தது. பொறிக்கு அடங்குமாறு எழுத்தைக் குறைக்க வேண்டும் என்றனர். இன்று அப்பொறி எங்கே? எழுத்து நிற்கின்றது, பொறி போயிற்று! 1999-இல் ஒருங்குறியிலும் எத்தியோப்பிய எழுத்து இடம்பெற்றது.

அந்நாட்டின் ஒரோமோ மக்கள் 1991-இல் தம் மொழிக்கு இலத்தீன எழுத்தைத் தேர்ந்துகொண்டனர். அஃது அவர்தம் உரிமை. ஓர் இனம் தன் எழுத்தைத் தானே தேர்வது வேறு. விசைப்பலகை இழுத்த இழுப்பிற்கெல்லாம் ஓர் இனம் போவது வேறு. முன்னது உரிமை, பின்னது சோம்பலில் பிறந்த அடிமைத்தனம்.

தமிழனுக்கு இஃது அயல்வீட்டுக் கதையன்று. அதே 1999-இல்தான் தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகளில் 247 எழுத்தும் பிறக்கும் அமைப்பு அது. அதனைக் கையில் வைத்துக்கொண்டே, மூன்றெழுத்து 'அம்மா'வை நான்கு ஆங்கில எழுத்தால் அழைக்கின்றான் தமிழன்! நாளும் ஆங்கில எழுத்தால் எண்ணித் தமிழைத் தட்டும் பிள்ளை, நாளை தமிழெழுத்தை எதற்கென்று கேட்கும். கேட்டபின் விழித்துப் பயனென்ன?

எழுத்துக்கேற்ப விசை அமைக. விசைக்கேற்ப எழுத்து வளையற்க! ஒவ்வொரு தமிழனும் தன் கைப்பேசியில் தமிழ் விசைப்பலகையை இன்றே அமைத்துக் கொள்க! விரல் தமிழில் நடக்கட்டும். உள்ளமும் தமிழில் நடக்கும்.