சட்டசபைக் குறிப்பும் மேடைக் கதையும்

புராணக்காரரைக் கண்டால் நாம் முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இது நடந்தது எந்த வருஷம்? பார்த்தவர் யார்? எழுதி வைத்தவர் யார்?" என்போம். அவர் விழிப்பார், கூட்டத்தார் கை தட்டுவார்கள். அந்தக் கேள்வி சென்ற மாதம் திருவல்லிக்கேணியில் நம் பக்கமே திரும்பி வந்துவிட்டது. அதைத் தோழர்களுக்கு ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

பெரிய தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சிறு கூட்டம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டசபையில் தேவதாசி முறையை எதிர்த்துப் பேசியபோது, பிரபல அங்கத்தினர் ஒருவர் அது புண்ணியமான வழக்கம் என்று வாதாடியதாகவும், அப்படியானால் அந்தப் புண்ணியத்தை இனி உங்கள் வீட்டுப் பெண்கள் அடையட்டுமே என்று அம்மையார் மடக்கியதாகவும், அத்தோடு எல்லோரும் வாயடைத்துப்போய்ச் சட்டம் நிறைவேறியதாகவும் நாம் பேசினோம். பல வருஷமாகப் பேசி வருவதுதான். கூட்டம் முடிந்ததும் ஒரு காலேஜ் மாணவர் வந்து, "ஐயா, இது எந்தத் தேதி நடவடிக்கையில் இருக்கிறது? எத்தனையாவது பக்கம்?" என்றார். நம்மிடம் பதில் இல்லை. பிறர் சொல்லக் கேட்டோம், சொன்னோம், அவ்வளவே. புராணப் பிரசங்கியும் இதைத்தானே செய்கிறார்? வெட்கப்பட்டோம்.

நிற்க. வருஷத்தை வரிசையாக வைத்துப் பார்த்தால் தெரிவது என்ன? அம்மையார் சென்னைச் சட்டசபையின் உப தலைவரானது 1927-இல். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்க வேண்டும் என்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்ததும் அவ்வருஷம் நவம்பரில்தான். 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி, தாசிகள் கோயில் ஊழியம் செய்யாமலே தங்கள் மானிய நிலத்தை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதா 1930-இல் வந்தது. அவ்வருஷமே காந்தியார் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து அம்மையார் பதவியை விட்டார். சட்டம் நிறைவேறியதோ 1947-இல், ஓமந்தூரார் மந்திரிசபையில்! ஒரு சுடுசொல்லில் முடிந்த காரியமா இது? முழுசாக இருபது வருஷம். இந்த இருபது வருஷத்தை நம் மேடைக் கதை விழுங்கிவிட்டது. சாமர்த்தியமாகப் பதில் சொன்னால் அநீதி ஓடிவிடும் என்று நம் இளைஞர்களை நம்பவைத்ததைத் தவிர அது வேறென்ன செய்தது?

இன்னொன்று பாருங்கள். "அந்தக் காலத்தில் எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருந்தார்கள், ஜாதியைக் கிளப்பியவர்களே நீங்கள்தான்" என்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களோடு தொண்டை கிழியக் கத்துவானேன்? 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தைக் காட்டினால் போதும். பொதுத் தெருவில் நடக்கவும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுக்கவும் எந்த வகுப்பாருக்கும் தடை கூடாது என்று அது கேட்டது. 1925-இல் சர்க்கார் கெஜட்டில் வெளியாயிற்று. மனிதன் தெருவில் நடப்பதற்குச் சட்டசபை கூடித் தீர்மானம் போட வேண்டியிருந்த நாட்டில் என்ன ஒற்றுமை இருந்திருக்கும்?

ஆனால் சட்டசபைக் குறிப்பையும் நாம் வேதமாக்கிவிடக் கூடாது. 1920-இல் ஏற்பட்ட ஓட்டுரிமை சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே. தாசி முறையைப் பற்றிச் சபையில் பேசியவர்களில் தாசிகள் இல்லை. அம்முறையை ஒழிக்க ஊர் ஊராக அலைந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாருக்கும் அங்கே நாற்காலி இல்லை. மசோதாவை எதிர்த்து மகஜர் அனுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாளுக்கும் இல்லை. ஆகவே நடவடிக்கைக் குறிப்போடு மகஜரையும், பழைய பத்திரிகைகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நமக்குப் பிடிக்காத கட்சியின் பேச்சையும் முழுதாகப் படிக்கவேண்டும்.

திருவல்லிக்கேணிவாசிகளுக்கு இது தூரத்துச் சங்கதி அல்ல. 1937-இல் சட்டசபை கூடியது சேப்பாக்கம் செனட் ஹவுஸில். 1952 முதல் சில வருஷம் கூடியது வாலாஜா ரோட்டருகே. மாலையில் கடற்காற்று வாங்கப் போகிறவர்கள் அந்த இடங்களைக் கடந்துதான் போகிறார்கள். எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1946 முதல் 1949 வரை அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதங்களைக் கையிலுள்ள செல்போனிலேயே படிக்கலாம். காசு செலவில்லை, சிபாரிசு வேண்டியதில்லை, பொறுமைதான் வேண்டும்.

நாம் ஒரு முடிவு செய்துவிட்டோம். பக்கம் காட்ட முடியாத கதையை, அது நமக்கு எவ்வளவு கைதட்டல் வாங்கித் தந்தாலும், இனி மேடையில் சொல்வதில்லை. அந்த மாணவரைப் போல எழுந்து கேட்பவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் போதும். பேச்சாளர்கள் தாமே திருந்துவார்கள். தோழர்களே, அடுத்த கூட்டத்தில் நம்மையும் கேளுங்கள்.