அஸ்மாராவுக்குப் போறீங்களா? கட்டடங்களை மட்டும் பார்த்துட்டு வந்துடாதீங்க

எரித்ரியாவின் தலைநகரம் அஸ்மாரா. 2017-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்த பிறகும் அங்கே போகிற வெளிநாட்டவர்கள் ரொம்பக் குறைவு. போகிறவர்களுக்குக் கிடைக்கும் குறிப்புகளும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்: ‘குட்டி ரோம்’, ‘காலம் உறைந்துபோன நகரம்’, ‘மக்கியாட்டோ காபி குடிங்க, அரசியல் பேசாதீங்க’. இதில் எதுவும் பொய் இல்லை. ஆனால், பாதிதான் சொல்லப்படுகிறது.

முதலில் நடைமுறை விஷயங்கள். விசாவை முன்கூட்டியே வாங்க வேண்டும். டெல்லியில் எரித்ரியத் தூதரகம் இருக்கிறது. விமானத்தைப் பொறுத்தவரை, டிக்கெட் எடுக்கும் முன் செய்தியைப் பாருங்கள். அடிஸ் அபாபாவிலிருந்து 20 வருஷம் நேரடி விமானமே இல்லை. 2018-ல் எத்தியோப்பியாவுடன் சமாதானம் ஆனதும் விமானம் வந்தது, 2024-ல் உறவு கசந்ததும் மறுபடி நின்றுபோனது. நம் ஏடிஎம் கார்டு அங்கே வேலைக்கு ஆகாது. மொத்தச் செலவுக்கும் டாலர் நோட்டாகக் கொண்டுபோய், விமான நிலையத்தில் கணக்குச் சொல்லி, அரசு அனுமதித்த இடத்தில் மட்டும் நக்ஃபாவாக மாற்றணும். செல்போனில் டேட்டா கிடையாது, மேப்பை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நகரம் 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் சாயங்காலத்துக்கு ஒரு ஸ்வெட்டர் வேண்டும்.

சரி, எதைப் பார்ப்பது? எல்லோரும் முதலில் போய் நிற்பது ஃபியட் தாலியேரோ முன்னால்தான். 1938-ல் கட்டிய பெட்ரோல் பங்க் அது. விமானம் மாதிரி வடிவம். இரண்டு பக்கமும் 15 மீட்டர் நீள கான்கிரீட் இறக்கைகள், கீழே முட்டுத் தூண் ஒன்றுகூட இல்லை. பார்க்கவேண்டிய கட்டடம்தான், சந்தேகமே இல்லை. 1937-ல் வந்த சினிமா இம்பேரோவும் அப்படியே.

ஆனால், அந்தத் தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 1935-ல் முசோலினி எத்தியோப்பியா மீது படையெடுத்தபோது அஸ்மாராதான் பின்தளம். அந்தக் காசிலும் அந்த அவசரத்திலும்தான் 1941 வரை இந்த நகரம் எழும்பியது. ஐரோப்பியர்களுக்கு ஒரு பகுதி, உள்ளூர்க்காரர்களுக்கு வேறு பகுதி என்று நிறம் பார்த்துப் பிரித்த திட்டம் அது. இன்று நாம் காபி குடிக்க உட்காரும் பிரதான வீதியின் அன்றைய பெயர் முசோலினி வீதி. பிறகு ஹைலே செலாசி வீதி. இப்போது ஹர்னெட் வீதி. ஹர்னெட் என்றால் விடுதலை.

அதனால் என் முதல் பரிந்துரை அபா ஷாவெல். உள்ளூர்க்காரர்கள் ஒதுக்கப்பட்ட பழைய குடியிருப்பு இது. யுனெஸ்கோ அங்கீகரித்த எல்லைக்குள் இதுவும் வருகிறது, ஆனால் பலருடைய பட்டியலில் இருக்காது. உள்ளூர் ஆள் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கேமராவைப் பையில் போட்டுவிட்டுப் போங்கள். அடுத்தது மெதெபர் சந்தை. பழைய டயர் செருப்பாகும், எண்ணெய் டிரம் அடுப்பாகும், பக்கத்திலேயே மிளகாய் அரைபடும். ‘காலம் உறைந்த நகரம்’ என்று சொல்கிறவர்களை இங்கே கூட்டிவந்து நிறுத்தவேண்டும். 30 வருஷ விடுதலைப் போர், அப்புறம் எல்லைப் போர், கையில் காசில்லாத நிலைமை. பழசை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்ட வழியில்லாமல் போனதும் இந்தக் கட்டடங்கள் தப்பியதற்கு ஒரு காரணம்.

பழைய டாங்கிகள் குவிந்துகிடக்கும் இடத்துக்குப் போக அனுமதிச் சீட்டு தேவை. செங்கடல் துறைமுகமான மசாவாவுக்கும் அப்படித்தான். சுற்றுலா அலுவலகத்தில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இனி அந்த ‘அரசியல் பேசாதீங்க’ விஷயம். எல்லாக் குறிப்பிலும் இது பயணியின் பாதுகாப்புக்காகச் சொல்வதுபோல இருக்கும். உண்மையில் சிக்கல் எதிரே இருப்பவருக்குத்தான். 1993 முதல் ஒரே அதிபர். தேசியத் தேர்தல் நடந்ததே இல்லை. தனியார் பத்திரிகைகளை 2001-ல் மூடிவிட்டார்கள். சட்டப்படி 18 மாதம்தான் என்ற கட்டாய தேசியப் பணி, 1998 எல்லைப் போருக்குப் பிறகு முடிவில்லாமல் நீள்கிறது. பன்னிரண்டாம் வகுப்பையே ராணுவ முகாமில் படிக்கிறார்கள். இதற்குப் பயந்து ஊரைவிட்டு ஓடியவர்கள் ஏராளம். ‘உங்க பையன் எங்கே இருக்கான்?’ என்ற சாதாரண விசாரிப்புகூட அங்கே சாதாரணம் இல்லை. நீங்கள் கேட்டுவிட்டு விமானம் ஏறிவிடுவீர்கள், பதில் சொன்னவர் அங்கேயேதான் இருக்கணும்.

அப்படியென்றால் போகவே கூடாதா? போகலாம் என்பதுதான் என் கருத்து. வெளியாள் வராமல் போனால் அந்த மக்களுக்கு எந்த நன்மையும் இல்லை. ஆனால் இதையெல்லாம் தெரிந்துகொண்டு போங்கள், சின்னக் கடைகளில் செலவு செய்யுங்கள். இஞ்சேரா சாப்பிடுங்கள், புளித்த மாவில் சுடுவதால் தோசைக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி இருக்கும். வீட்டுக்குக் காபி குடிக்கக் கூப்பிட்டால், மூன்று சுற்று ஊற்றுவார்கள் என்று தெரிந்துகொண்டு நேரம் வைத்துப் போங்கள். பாதியில் எழுந்துவருவது மரியாதை இல்லை.

ராணுவத்தினரையும் அரசுக் கட்டடங்களையும் படம் எடுக்காதீர்கள். ஊர் திரும்பி ஃபேஸ்புக்கில் போடும்போது, மனம்விட்டுப் பேசியவரின் முகமும் பெயரும் கடை இருக்கும் தெருவும் அதில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.