அளவுகோல் யாருடையது?

ஐக்கிய அமெரிக்காவிலே வாழும் கறுப்பின மக்களுட் பெரும்பாலோரைக் குறையுடையோரென்று ஓர் எண் தீர்ப்பளித்து வந்துள்ளது. குருதியின் ஒரு மில்லிலீற்றரில் விற்றமின் டி 20 நனோகிராமுக்குக் கீழே இருந்தால் அது பற்றாக்குறை என்பது பலரும் கைக்கொண்ட கணக்கு. 2005-2006ஆம் ஆண்டுகளில் நடந்த அந்நாட்டின் தேசிய உடல்நல ஆய்வின்படி, வளர்ந்த கறுப்பினத்தவருள் நூற்றுக்கு 82 பேர் இக்கோட்டுக்குக் கீழே நின்றனர். ஐவருள் நால்வர் குறையுடையோர் என்று அளவுகோல் சொல்லுமாயின், குறை மக்களிடத்தா, அளவுகோலிடத்தா என்று கேட்பது தவறாகுமா?

கருந்தோல் வெயிலிலிருந்து விற்றமின் டியை மெதுவாகவே ஆக்கும் என்பது உண்மை. இவ்விற்றமின் குறைந்தால், கழுத்திலே தைரொயிட்டுச் சுரப்பியின் பின்னாலுள்ள நான்கு சிறு சுரப்பிகள் பராதைரொயிட்டு ஓமோனை மிகுதியாகச் சுரக்கும். அந்த ஓமோன் எலும்பைக் கரைத்துக் கல்சியத்தைக் குருதிக்குக் கொடுக்கும். கறுப்பினத்தவரிடம் இந்த ஓமோனும் உயர்ந்தே காணப்படுகிறது. ஆகவே அவர்களது எலும்பு நலிந்திருக்க வேண்டுமன்றோ? அதுதான் இல்லை. வெள்ளையரைவிட அவர்களது எலும்பு அடர்த்தி மிக்கது. முதுமையில் இடுப்பெலும்பு முறிவோரும் அவர்களிடையே குறைவு. பாடநூல் ஒன்று சொல்ல, உடல் வேறொன்று சொல்கிறது. 1997இல் வெளிவந்த ஓர் ஆய்விலே, இரு இனப் பெண்களுக்கும் இவ்வோமோனைச் செலுத்திப் பார்த்தபோது, கறுப்பினப் பெண்களின் எலும்பு அதன் அரிப்புக்கு எளிதில் இணங்கவில்லை. அவர்களது சிறுநீரிற் கழியும் கல்சியமும் குறைவு. செம்மண் தோட்டத்துக்கு இடும் பசளைக் கணக்கைக் களிமண் வயலுக்கு எந்தக் கமக்காரனும் அப்படியே எடுத்துச் செல்வதில்லை. மருத்துவ உலகமோ நெடுங்காலம் அதைத்தான் செய்தது.

மாத்திரை என்ன செய்தது? அது குருதியிலுள்ள எண்ணை உயர்த்தும். ஓமோனையும் சற்றுத் தாழ்த்துவதுண்டு. ஆயின் எண்ணை உயர்த்துவது வேறு, எலும்பைக் காப்பது வேறு. மாதவிடாய் நின்ற கறுப்பினப் பெண்கள் 208 பேரிடம் மூன்றாண்டுகள் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், மாத்திரை உண்டோரின் எலும்புத் தேய்வு உண்ணாதோரினதைவிடக் குறையவில்லை. பின்னர் 25,871 பேரைச் சேர்த்து, நாளொன்றுக்கு 2,000 அலகு வீதம் ஐந்தாண்டுகளுக்கு மேலாக நடந்தது 'வைற்றல்' பரிசோதனை. அதில் 5,106 பேர் கறுப்பினத்தவர். இத்துறையில் அத்துணைப் பெருந்தொகையாக அவர்களைச் சேர்த்தமையே பாராட்டுக்குரியது. புற்றுநோயோ இதய நோயோ குறையவில்லை என்று 2018இலும், எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022இலும் அதன் முடிவுகள் வந்தன. எனினும் பற்றாக்குறையுடையோரை மட்டும் தேர்ந்து நடத்திய பரிசோதனை அதுவன்று. கடுங்குறையால் எலும்பு மெலிந்தவருக்கு மாத்திரை வேண்டாமென்று அதைக் காட்டி எவரும் வாதிடலாகாது.

இந்தப் புதிருக்கு விடை கண்டோமென்று 2013இல் ஒரு குரல் எழுந்தது. விற்றமினைக் குருதியிற் சுமந்து செல்லும் புரதம் கறுப்பினத்தவரிடம் குறைவு. ஆதலால் உடலுக்குப் பயன்படும் பகுதி இரு இனத்தாருக்கும் ஏறத்தாழச் சமமே என்றது பால்டிமோர் மக்களிடம் நடந்த அவ்வாய்வு. ஆனால் அந்தப் புரதத்தை அளந்த சோதனை முறையே அவர்களிடையே பரவலாகவுள்ள புரத வகையைக் குறைத்துக் காட்டியது என்பதைப் பின்வந்தோர் கண்டனர். அளவுகோலைத் திருத்தவந்த அளவுகோலும் கோணலாகிப் போனது!

இவ்வளவும் நடந்த பின்னரே, 2011இல் 30 நனோகிராமை இலக்காக வைத்து, கறுப்பினத்தவரைச் சோதிக்கவும் சொன்ன அமெரிக்க அகச்சுரப்பியியற் சங்கம், 2024இல் அவ்விலக்கைக் கைவிட்டது. கருந்தோலுடையார் என்ற காரணத்துக்காக மட்டும் எல்லோரையும் சோதிக்க வேண்டியதில்லை என்றும் கூறியது. காலந்தாழ்ந்த திருத்தமாயினும் வரவேற்கத்தக்கது.

அப்படியாயின் கறுப்பினத்தவருக்கெனத் தனிக் கோடு கீறிவிட்டால் முடிந்ததா? அதனையும் நாம் ஏற்கவில்லை. சிறுநீரகத்தின் திறனைக் கணிக்கும் சூத்திரத்தில் இனத்துக்கென ஒரு பெருக்கெண்ணைச் சேர்த்ததால், கறுப்பின நோயாளரின் சிறுநீரகம் உண்மையிலும் நலமாயிருப்பதுபோலத் தோன்றி, மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையிற் பலர் பிந்தினர். 2021இல்தான் அப்பெருக்கெண் இல்லாத சூத்திரம் பரிந்துரைக்கப்பட்டது. இனம் என்பது சமூகம் இட்ட பெயர். சுரப்பிகள் அப்பெயரை அறியா.

நம்மவர்க்கும் இங்கு ஒன்று சொல்லவேண்டும். நாமும் கருநிறத்தார், ஆகவே நமது எலும்பும் அவ்வாறே தாங்கும் என்று குளிர்நாடுகளிற் குடியேறிய தமிழர் எவரும் எண்ணிவிடக் கூடாது. பிரித்தானியாவிற் குடியேறிய தென்னாசியக் குடும்பங்களின் பிள்ளைகளிடையே சென்ற நூற்றாண்டின் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எலும்பு வளையும் நோய் மீண்டும் தலைதூக்கியது. அவர்களுக்கு விற்றமின் மருந்தாகவே வேண்டியிருந்தது.

ஆகையால் வைத்தியர் பார்க்கவேண்டியது ஒற்றை எண்ணையன்று. ஓமோனையும் கல்சியத்தையும் எலும்பின் அடர்த்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்; நோயாளி வெயில் காணும் வாழ்வினரா, என்ன உண்கிறார் என்பதையும் கேட்கவேண்டும். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவோர், எந்த மக்களுக்கு அளவு வகுக்கிறார்களோ அந்த மக்களிடையே அதனை முதலில் அளந்து பார்க்கட்டும்.