செத்த பூனையும் பல்லாவரத்து மண்பேழையும்

தாம்பரத்திலிருந்து பட்டணத்துக்கு இரயிலேறிப் போகும் தோழர்கள் தினந்தோறும் பல்லாவரத்து மலையைப் பார்க்கிறார்கள். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட சுட்ட மண்பேழைகள் தோண்டியெடுக்கப்பட்டன. வரிசையாகக் கால்கள் வைத்த அப்பேழைகளில் செத்தவர் எலும்பை இட்டு, சட்டி பானைகளையும் கூட வைத்துப் புதைத்திருக்கிறார்கள். செத்தவருக்கும் பசிக்கும் என்கிற எண்ணம் அவ்வளவு பழமையானது.

எகிப்தில் இவ்வெண்ணம் பெரிய வியாபாரமாகவே வளர்ந்தது. பிணத்தை உப்பில் உலர்த்தி, பிசின் பூசி, துணி சுற்றிக் கெடாமல் வைக்கும் வித்தை கைவேலைக்காரருடைய அறிவு. அதை நாம் மெச்சுகிறோம். ஆனால் பூனை, நாய், பருந்து, அரிவாள்மூக்கன் முதலியவைகளையும் அவ்விதம் பொதிந்து, கடவுளுக்குக் காணிக்கை என்று ஜனங்களிடம் காசு வாங்கினார்களே, அது யாருடைய அறிவு?

மான்செஸ்டர் ஆராய்ச்சியாளர்கள் 800-க்கு மேற்பட்ட பொதிகளைக் கதிர்ப்படம் எடுத்து, 2015-ல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்குப் பொதிகளில் எலும்பே இல்லை. மண்ணும் குச்சியும் நாணலும்தான் இருந்தன.

"இது மோசடியல்ல; புனித விலங்கோடு சம்பந்தப்பட்ட எதுவும் புனிதமென்றே அவர்கள் கருதியிருக்கலாம்" என்று சிலர் சமாதானம் சொல்லுகிறார்கள். அப்படியானால், கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் சக்காராவில் கோயில் ஊழியம் செய்த ஹோர் என்பவருடைய குறிப்புகளில், ஒரு கலத்தில் ஒரு தெய்வமே இருக்கவேண்டுமென்று விதி ஏற்பட்டதும், ஊழியர் சிலர் சிறையிடப்பட்டதும் காணப்படுவானேன்?

1888-ல் பெனி ஹாசனில் பூனைப் பொதிகள் குவியல் குவியலாக அகப்பட்டன. அவைகளில் சுமார் 1,80,000 பூனைகள், 19 டன் எடை, 1890-ல் லிவர்பூலுக்குக் கப்பலேறி வயலுக்கு எருவாயின. அத்தெய்வங்கள் செய்த பிரத்தியட்ச உபகாரம் அது ஒன்றுதான்!

அரசர் சங்கதியும் இப்படியே. இரண்டாம் ராம்செஸ் 66 ஆண்டு ஆண்டு, படுகிழவனாய்ச் செத்தான். அபு சிம்பெல்லில் சுமார் 65 அடி உயரமுள்ள அவனுடைய நான்கு சிலைகளிலும் வாலிபனாகவே உட்கார்ந்திருக்கிறான். கல் பொய் சொல்லிற்று. பிணம் உண்மை சொல்லிற்று. அந்தப் பிணத்தைப் பூஞ்சை அரித்தபோது, 1976-ல் பாரிசுக்குக் கொண்டுபோய்க் காப்பாற்றியவர்கள் விஞ்ஞானிகளேயொழிய, எந்தத் தெய்வமுமல்ல.

எகிப்தியரைப் பார்த்துச் சிரிப்பதற்காக இதை நாம் எழுதவில்லை. கூலிக்காரன் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசைக் கொடுத்து, பொதியை அவிழ்த்துப் பார்ப்பது பாவமென்று நம்பி வீடு திரும்பினான். அந்த ஒரு நம்பிக்கைதான் வியாபாரத்தின் முதல். ஆகையால் தோழர்களே, முடிச்சை அவிழ்த்துக் காசு எடுக்குமுன், எதிரிலுள்ள பொதியையும் ஒருமுறை அவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.